கோமாவில் இருப்பவருக்கு பெட் ஸ்கேன்: திருகோணமலையிலிருந்து புறப்படுமுன்

நினைவில்லாமல் கிடக்கும் ஒருவரின் குடும்பத்துக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. கனடாவிலிருந்து ஒரு மருமகன், லண்டனிலிருந்து ஒரு சித்தி, ஐ.சி.யு. வாசல் வாங்கில் பக்கத்தில் இருப்பவர் என்று எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: “கொழும்புக்குக் கொண்டுபோய் பெட் ஸ்கேன் எடுங்கோ, மூளை வேலை செய்யுதா இல்லையா எண்டு தெரிஞ்சிடும்.” பாதி உண்மை. பெட் (PET) நல்ல கருவிதான். ஆனால் குடும்பம் கேட்கிற கேள்வி “எழும்புவாரா?” என்பது. ஸ்கேன் சொல்வது “மூளையின் எந்தப் பகுதி இப்போது எவ்வளவு சீனியைச் செலவழிக்கிறது?” என்பதை. இரண்டுக்கும் இடையில் நிறையத் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைப்பவை கட்டிலருகே செலவில்லாமல் செய்யக்கூடிய சில வேலைகள். அவற்றைச் செய்யாமல் எடுத்த ஸ்கேன் பெரும்பாலும் குழப்பத்தைத்தான் கூட்டும். இந்த விஷயத்துக்குள் திடீரென்று வந்து விழுந்த குடும்பங்களை நினைத்து எழுதுகிறேன். வாட்டில் புதிதாகச் சேர்ந்த தாதியருக்கும் மருத்துவ மாணவருக்கும்கூட உதவலாம்.

முதல் வேலை: என்ன நிலை என்று கேளுங்கள்

கூப்பிட்டாலும், வலி கொடுத்தாலும் கண் திறக்காமல் கிடப்பது கோமா. அது காலவரையின்றி நீளாது. பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் ஏதாவது ஒரு பக்கம் திரும்பிவிடும். சிலருக்கு நினைவு வரும், சிலர் இறந்துபோவார்கள். இன்னும் சிலர் கண் திறப்பார்கள், தூங்கி விழிப்பார்கள், ஆனால் சுற்றி நடப்பதை அறிந்ததற்கான அடையாளம் எதையும் காட்டமாட்டார்கள். ஜெனட், பிளம் என்ற இரண்டு மருத்துவர்கள் 1972-இல் விவரித்த நிலை இது. விழிப்பு உண்டு, உணர்வின் அறிகுறி இல்லை. இதற்கு அடுத்த படி, சில நேரம் மட்டும் கண்ணால் பின்தொடர்வது, சில நேரம் மட்டும் சொன்னதைச் செய்வது என்று விட்டுவிட்டு உணர்வு தெரியும் நிலை. 2002-இல்தான் இதைத் தனியாக வரையறுத்தார்கள். பெட் ஸ்கேன் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த இரண்டு நிலைகளையும் பிரித்தறிவது பற்றியதே. விபத்து நடந்து மூன்றாம் நாள் கண் மூடிக் கிடப்பவரைப் பற்றியவை அல்ல.

அடுத்த கேள்வி: மயக்க மருந்து ஏறிக்கொண்டிருக்கிறதா? மிடசோலம், புரொபோஃபோல் போன்ற மருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் எழும்பாமல் கிடப்பதில் அதிசயமில்லை. அந்த மருந்துகள் மூளையின் சீனிச் செலவையும் குறைக்கும். அந்த நேரத்தில் ஸ்கேன் எடுத்தால் மருந்தின் படம்தான் வரும். எப்போது நிறுத்தினார்கள், சிறுநீரகமும் ஈரலும் அதை வெளியேற்றும் அளவுக்கு வேலை செய்கின்றனவா என்று டொக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. இரத்தத்தில் சீனி, சோடியம், கிருமித் தொற்று, மூளைக்குள் நீர் தேங்குவது, வெளியே தெரியாத வலிப்பு போன்ற திருத்தக்கூடிய காரணங்களையும் முதலில் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பிடிக்க, மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. வேண்டும், பெட் அல்ல.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரவில் தரையில் பாய் போட்டுப் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும் நேரம் கண் இமை தானாக மூடிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு தசையாகச் செயலிழந்து மூச்சும் நின்று, கோமா மாதிரியே கிடப்பார். கண்மணிகூட வெளிச்சத்துக்கு அசையாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே விழித்திருந்து பேசுவதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவருக்கு வேண்டியது செயற்கைச் சுவாசமும் சிகிச்சையும் சில நாள் பொறுமையும்தான், ஸ்கேன் அல்ல. அப்படிப்பட்டவரின் தலைமாட்டில் நின்று காரியச் செலவு பற்றிப் பேசாதீர்கள். யாருடைய தலைமாட்டிலும் பேசாதீர்கள்.

கண்ணாடியும் கொப்பியும்

ஐ.சி.யு.வில் தினமும் எழுதும் 15 புள்ளி அளவு கிளாஸ்கோ நகரில் 1974-இல் வந்தது. கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் சேர்த்து 3 முதல் 15 வரை போடுவார்கள். முதல் நாட்களின் அவசரத்துக்கு அது போதும். வாரங்கள் கடந்தபின் போதாது. அப்போது பயன்படுவது, 2004-இல் திருத்தி வெளியிடப்பட்ட கோமா மீட்பு அளவுகோல். கேட்டல், பார்த்தல், அசைவு, வாய்-பேச்சு, தொடர்பு, விழிப்பு என்று ஆறு பகுதிகள், மொத்தம் 23 புள்ளி. செய்ய அரை மணித்தியாலம் வரை பிடிக்கும். கருவி என்று சொன்னால் ஒரு கைக்கண்ணாடி, கரண்டி, கோப்பை மாதிரி வீட்டுச் சாமான்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வழக்கமான முறையில் பார்த்து “உணர்வில்லை” என்று முடிவு கட்டப்பட்ட நோயாளிகளில் சுமார் 40 சதவீதம் பேருக்கு, இந்த அளவுகோலால் சோதித்தபோது உணர்வின் அடையாளம் இருந்தது. கோடிக்கணக்கான ரூபா மெசின் எதுவும் இல்லாமல், கட்டிலருகே கவனமாகப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். ஒரே தடவை பார்த்தும் முடிவெடுக்கக்கூடாது. இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஐந்து தடவை பார்க்கும்படி பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. இவர்களின் விழிப்பு காலையில் வந்து மத்தியானம் போய்விடும்.

கண்ணாடிச் சோதனையைச் செய்யும் விதம் இதுதான். நோயாளியின் தலையணையைச் சற்று உயர்த்தி, கண் திறந்திருக்கும் நேரமாகப் பார்த்து, முகத்திலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்தில் அவருடைய முகமே அவருக்குத் தெரியும்படி கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். பார்வை அதில் நின்றதும் மெதுவாக வலப்பக்கம் 45 பாகை நகர்த்தி, பிறகு இடப்பக்கம், மேல், கீழ். ஒவ்வொரு திசையும் இரண்டு தடவை. கண் கண்ணாடியை விடாமல் பின்தொடர்ந்தால் அது பெரிய செய்தி. பேனாவையோ விரலையோ பார்க்காத பலர் தம் முகத்தைப் பார்ப்பார்கள். இதை அளவுகோல் தெரிந்தவர்தான் புள்ளி போட வேண்டும். ஆனால் வீட்டார் செய்து பார்த்து, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் கண் போனது என்று கொப்பியில் எழுதிவைப்பதில் நட்டமில்லை.

கட்டளைச் சோதனையில் குடும்பத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. “வாயைத் திறவுங்கோ”, “கையை இறுக்கிப் பிடியுங்கோ” என்று அவருக்கு விளங்கும் மொழியில், பழகிய குரலில் சொல்ல வேண்டும். கிண்ணியாவிலோ மூதூரிலோ தமிழ் மட்டும் பேசி வளர்ந்த ஒருவருக்குச் சிங்களத்தில் கட்டளை கொடுத்துவிட்டு “பதில் இல்லை” என்று எழுதினால் அந்தப் பக்கம் வெற்றுப் பக்கம்தான். கொழும்புப் பக்க ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது இது நடக்க வாய்ப்பு அதிகம். தயங்காமல், “நான் சொல்லட்டா டொக்டர்?” என்று கேளுங்கள். சொன்னபின் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். இவர்களின் பதில் நேரம் எடுத்துத்தான் வரும். அழைத்த அழைப்பிலேயே தோளைப் பிடித்து உலுக்கினால், வந்த அசைவு கட்டளைக்கா உலுக்கலுக்கா என்று யாருக்கும் தெரியாது.

பத்திரகாளி அம்மனுக்கும் கோணேசருக்கும் நேர்த்தி வைத்தவர்கள் வைக்கட்டும். கொப்பியையும் வையுங்கள்.

ஊசியில் என்ன இருக்கிறது

சரி, இப்போது ஸ்கேனுக்கு வருவோம். உடம்பு எடையில் சுமார் 2 சதவீதமே இருக்கும் மூளை, ஓய்வில் இருக்கும்போதும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதன் முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். குளுக்கோஸ் மூலக்கூறில் ஒரு சிறு மாற்றம் செய்து, கதிரியக்கம் உள்ள ஃபுளோரின்-18 அணுவை ஒட்டினால் எஃப்.டி.ஜி. கிடைக்கும். மூளைச் செல் இதைச் சீனி என்று நம்பி உள்ளே எடுத்து, முதல் படியையும் செய்துவிடும். அடுத்த படி நடக்காது. வெளியேயும் எளிதில் போக முடியாது. ஆகவே எந்தச் செல் அதிகம் தின்கிறதோ அங்கே அதிகம் சேரும். ஃபுளோரின் சிதையும்போது வெளிப்படும் பாசிட்ரான் பக்கத்து எலெக்ட்ரானோடு மோதி இரண்டும் அழிய, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்பும். தலையைச் சுற்றியுள்ள வளையம் அந்தச் சோடிகளைப் பிடித்து, எங்கிருந்து வந்தன என்று கணக்குப் போட்டுப் படமாக்கும். 1976-இல் அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தயாரித்த எஃப்.டி.ஜி.யைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்கு ஏற்றினார்கள்.

உட்துறைமுகத்தில் வள்ளத்திலிருந்து இரவில் ஊரைப் பார்த்தால் எந்தப் பக்கம் விளக்கு எரிகிறது, எந்தப் பக்கம் இருட்டு என்று தெரியும். வீட்டுக்குள் ஆள் முழித்திருக்கிறாரா என்பது தெரியாது. பெட் படமும் அந்த அளவுதான்.

ஃபுளோரின்-18-இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம். இதுதான் நமக்கு நடைமுறையில் முக்கியமான எண். கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்குச் சுமார் 260 கிலோமீட்டர். ஆறு மணித்தியாலம் என்று வைத்தால், ஏற்றிய மருந்தில் வந்து சேரும்போது பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்கேற்ற ஸ்கேனரும் இங்கே வேண்டும். ஆகவே மருந்து ஆளிடம் வராது, ஆள்தான் மருந்திடம் போக வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு: டெக்னீசியம்-99எம் ஏற்றி எடுக்கும் ஸ்பெக்ட். இதன் அரை ஆயுள் 6 மணித்தியாலம், தயாரிப்பும் எளிது. ஏற்றிய ஓரிரு நிமிடத்துக்குள் மூளையில் இரத்தம் ஓடும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். சீனிச் செலவை அல்ல, இரத்த ஓட்டத்தைக் காட்டும். படத்தின் கூர்மையும் குறைவு. உணர்வு நிலையைப் பிரித்தறிய பெட் அளவுக்கு இதற்கு ஆதாரம் இல்லை. மூளைக்கு இரத்தமே போகவில்லை என்ற நிலையில் மண்டை ஓடு வெறுமையாகத் தெரியும். மூளைச்சாவு உறுதிப்படுத்தலில் சில நாடுகளில் துணைச் சோதனையாக இது உதவுகிறது.

போகலாமா, வேண்டாமா

மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலையில் பெட் ஸ்கேனர் இருக்கிறது. அது புற்றுநோயாளருக்கானது, அவர்களே வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே துண்டு ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு நேரே போய் நிற்கும் வேலை இல்லை. முதலில் நரம்பியல் வைத்திய நிபுணர் “இந்தக் கேள்விக்காக வேண்டும்” என்று எழுத வேண்டும். பிறகு அணு மருத்துவ நிபுணர் ஏற்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் அணு மருத்துவப் பிரிவு உண்டு. கண்டி எங்களுக்குக் கொழும்பைவிடக் கிட்ட என்பதால், அங்கே எந்தச் சோதனை சாத்தியம் என்று டொக்டர் மூலமாகவே விசாரிக்கலாம்.

ஐரோப்பிய நரம்பியல் அமைப்பின் 2020 வழிகாட்டல் இந்த ஸ்கேனைப் பற்றிச் சொல்வது, பதில் காட்டாத நோயாளியில் மற்றச் சோதனைகளோடு சேர்த்து “கருதலாம்” என்று மட்டுமே. கட்டாயம் எடு என்று இல்லை. என் கணக்கு இப்படி: காயம் பட்டு நான்கு வாரம் ஆகவில்லை என்றால் பொறுங்கள். சுவாச மெசினில் இருந்தால், இரத்த அழுத்தம் நிலையாக இல்லையென்றால், காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால் பொறுங்கள். அம்புலன்ஸில் போகவர அரை நாளுக்கு மேல் குலுங்குவது அவருக்குச் சின்ன விஷயமில்லை. கட்டிலருகேயே கண்ணாடியைப் பின்தொடர்கிறார், சொன்னதைச் செய்கிறார் என்று உறுதியாகிவிட்டால் ஸ்கேன் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சேர்க்காது, அந்தக் காசைப் பிசியோவுக்குச் செலவழியுங்கள். ஐந்து தடவை பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வீட்டார் கொப்பியில் ஏதோ இருக்கிறது, டொக்டர்மாருக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது என்றால் அப்போது போங்கள். ஸ்கேனுக்கு வேலை இருப்பது அங்கேதான்.

உடம்பில் போர்க்காலச் செல் (எறிகணை) துண்டு உள்ளவர்கள் எங்கள் மாவட்டத்தில் குறைவில்லை. எம்.ஆர்.ஐ. காந்தம் அவர்களுக்குச் சிக்கல் தரலாம். பெட்டையும் சி.டி. எக்ஸ்ரேயையும் சேர்த்து எடுக்கும் பெட்-சி.டி.யில் காந்தம் இல்லை, செல் துண்டு தடையாகாது. எங்கே துண்டு இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் நாள்

குழாய்ச் சாப்பாட்டை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும். பலர் மறப்பது டிரிப்பை. குளுக்கோஸ் கலந்த சேலைன் ஏறிக்கொண்டிருந்தால் மூளை அந்தச் சீனியை எடுத்துக்கொண்டு எஃப்.டி.ஜி.யை விட்டுவிடும். சாதாரண சேலைன் பரவாயில்லை. மூளை ஸ்கேனுக்கு இரத்தச் சீனி 160-க்குள் (mg/dL) இருப்பது நல்லது. சீனி வருத்தம் உள்ளவர் என்றால் இன்சுலின் எப்போது, எவ்வளவு என்பதை முந்திய நாளே தீர்மானித்து எழுதி வாங்குங்கள். விடியற்காலை அம்புலன்ஸில் ஏறும்போது யாரிடமும் கேட்க முடியாது.

ஊசி ஏற்றிய பிறகு வரும் அரை மணித்தியாலம்தான் படத்தைத் தீர்மானிக்கிறது. மங்கிய வெளிச்சம், சத்தமில்லாத அறை, கண் திறந்த நிலை. இவ்வளவு நாளும் கூப்பிடு, பேசு, கையைத் தொடு என்று சொல்லிவிட்டு இப்போது மாற்றிச் சொல்கிறேன்: பேசாதீர்கள். போனை நிறுத்துங்கள். அம்மா குரல் கேட்டால் கேட்கும் பகுதி கூடுதலாகத் தின்னும், கணக்குக் குழம்பும். ஆனால் தூங்கவும் விடக்கூடாது, தூக்கத்திலும் செலவு குறையும். கண் மூடினால் அங்குள்ள மிஸ்ஸி மெதுவாகத் தொட்டு எழுப்புவார்.

ஆள் அசைந்துகொண்டே இருந்தால் மயக்க மருந்து தேவைப்படலாம். அதை இந்த அரை மணித்தியாலம் கழிந்தபின், மெசினுக்குள் போகும் முன் கொடுத்தால் பெரிய பாதிப்பில்லை. சீனி அதற்குள் செல்லுக்குள் அடைபட்டுவிட்டது, பிறகு மயங்கினாலும் படம் பழைய நிலையைத்தான் காட்டும். முன்கூட்டியே கொடுத்தால்தான் பிழை. புறப்படும் ஆஸ்பத்திரியிலோ வழியிலோ யாரும் “பயணத்துக்கு” என்று ஊசி போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மெசினுக்குள் கிடப்பது பத்து இருபது நிமிடம்தான். தொண்டைக் குழாய் உள்ளவருக்கு அதற்கு முன் சளி உறிஞ்சிவிட வேண்டும், நடுவில் இருமினால் தலை அசைந்து படம் கெடும்.

கதிர்வீச்சுப் பயம் எல்லாருக்கும் இருக்கும். மூளைக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவில் உடம்புக்குச் சேர்வது 3 முதல் 5 மில்லிசீவர்ட். உலக சராசரியில் மண்ணிலும் காற்றிலும் வானிலிருந்தும் ஓர் ஆண்டில் நமக்குக் கிடைப்பது 2.4. மருந்தின் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறும் என்பதால் அன்று சிறுநீர்ப் பையைக் கையுறை போட்டுக்கொண்டு காலியாக்குங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அன்று ஆறு மணித்தியாலமாவது ஒட்டி இருக்க வேண்டாம். பன்னிரண்டு மணித்தியாலத்தில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது

சிவப்பு நல்லது, நீலம் கெட்டது என்று படத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நிறம் கம்ப்யூட்டரில் தெரிவு செய்வது. அளவீட்டை மாற்றினால் அதே மூளை வேறு மாதிரி ஜொலிக்கும். அந்தப் படத்தைப் போனில் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பதும் பயனில்லை.

பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, மொத்தச் செலவு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, மூளையின் மேலடுக்கான புறணியின் செலவு சாதாரண அளவில் சுமார் 42 சதவீதத்துக்குக் கீழே போனால் உணர்வு இருப்பது கடினம் என்று காட்டியது. இரண்டு, எங்கே குறைந்திருக்கிறது என்பது. நெற்றிப் பகுதியும் உச்சிப் பகுதியும் சேர்ந்த வலைப்பின்னல், நடுக்கோட்டில் பின்பக்கம் உள்ள பகுதி, மூளையின் ஆழத்தில் இருந்து புறணிக்குத் தகவல் கடத்தும் தலாமஸ் ஆகியவை உணர்வோடு நெருங்கிய தொடர்புள்ளவை. பெல்ஜியத்தில் லியேஜ் நகரில் ஸ்டீவன் லோரே உருவாக்கிய குழு 1990-களின் கடைசியிலிருந்து இதைத்தான் தோண்டி வருகிறது. 2000-இல் அவர்கள் காட்டிய ஒரு நோயாளியில், நினைவு திரும்பியபோது தலாமஸுக்கும் புறணிக்கும் இடையிலான தொடர்பு மீண்டிருந்தது.

அதே குழு 126 பேரைப் பார்த்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியது. கட்டிலருகே எந்தப் பதிலும் காட்டாதவர்களில் 32 சதவீதம் பேரின் மூளைப் படத்தில் உணர்வுக்கு ஒத்த செயற்பாடு தெரிந்தது. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் பெட் ஸ்கேன் சொன்ன எதிர்காலக் கணிப்பு சரியாக இருந்தது 74 சதவீதம் பேரில். அதாவது நாலு பேரில் ஒருவர் விஷயத்தில் அது பிழைத்தது, நல்ல பக்கமும் கெட்ட பக்கமும். உலகத்திலேயே இதில் அதிகம் பழகிய இடத்தின் கதை இது. அந்தத் தேர்ச்சி இல்லாத இடத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

டொக்டரிடம் கேட்பவை: ஆரோக்கியமானவர்களின் படங்களோடு கணக்குப் போட்டு ஒப்பிட்டீர்களா, கண்ணால் மட்டும் பார்த்தீர்களா? செலவு குறைந்த இடம், சி.டி.யில் ஏற்கெனவே அழிந்ததாகத் தெரிந்த இடம்தானா, அல்லது சேதமில்லாமலே அமைதியாக இருக்கிறதா? அன்று சீனி எவ்வளவு இருந்தது? கண் திறந்திருந்தாரா? இரண்டாவது கேள்வி முக்கியம். அழிந்த இடம் திரும்பாது, அமைதியான இடம் திரும்பக்கூடும்.

திரும்பி வந்தபின்

ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள டிஸ்க்கையும் கேட்டு வாங்கி, கொப்பியோடு வையுங்கள். படம் நன்றாக வந்தால் மருந்துகளைப் பற்றிப் பேசலாம். அமன்டடின் என்ற பழைய மருந்து, தலையில் அடிபட்ட 184 பேரில் செய்து 2012-இல் வெளியான சோதனையில் மீட்சியை வேகப்படுத்தியது. அடிபட்டு 4 முதல் 16 வாரத்துக்குள் தொடங்கியவர்களில், நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தது அது. மாரடைப்புக்குப் பிறகு மூளைக்குக் காற்றுப் போகாமல் கிடப்பவருக்கு அந்த முடிவை அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. படம் மோசமாக வந்தாலும் படுக்கைப் புண் பார்ப்பது, மூட்டுகளை மடக்கி நீட்டுவது, நெஞ்சுச் சளி எடுப்பது எதுவும் மாறாது. “எங்களிடம் வந்தால் நினைவைத் திருப்பித் தருவோம்” என்று காசு கேட்டு யாராவது வந்தால், எந்த நோயாளிக்கு, எந்த அளவுகோலில் எத்தனை புள்ளி கூடியது என்று கேளுங்கள். அதற்கு மேல் அந்த உரையாடல் நீளாது.

இரண்டாவது ஸ்கேனுக்கு அவசரம் வேண்டாம். கண்ணாடிச் சோதனையை வாரம் ஒரு தடவை, அவர் அதிகம் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடருங்கள். புள்ளி ஏறினால் கிளினிக் திகதி வரை காத்திராமல் கொப்பியோடு போய் டொக்டரைப் பாருங்கள். ஏறிய புள்ளி திடீரென்று இறங்கினாலும் உடனே போங்கள். பெரும்பாலும் அது மூளை கெட்டதால் இருக்காது. சிறுநீர்த் தொற்றோ, நெஞ்சுச் சளியோ, மண்டைக்குள் நீர் தேங்குவதோ, புதிதாக ஆரம்பித்த வலிப்பு மருந்தோ காரணமாக இருக்கும், அதைத் திருகோணமலையிலேயே பார்க்கலாம்.